விளக்கு ஆடினால் நிலம்

வால்திவியாவில் இரவு ஒன்றரை.
நேற்றிலிருந்து மழை வாயை மூடவில்லை.
காற்றுத் தலையணைமேல் மிதக்கும் மேசையில்
ஒனோஃப்ரேயின் மூளையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு,
நகக்கண் அளவு,
குளிர்ந்த உப்புநீரில் குமிழிகளை வாங்கி
இன்னும் உயிரோடிருக்கிறது.
அவர் நான்கு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில்,
தலையில் கட்டோடு.

நியெப்லாவிலிருந்து கொர்ரால் போகும் படகில்
கயிறு வீசிக் கட்டுபவர்.
கருகிய சர்க்கரை வாசனை முதலில் வருமாம்.
பிறகு ஆறு இல்லை, படகு இல்லை,
கண் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் மடி.
ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது சொன்னார்:
"மிச்சத்தை ஆற்றில் கொட்டிவிடாதீர்கள், இஸ்மேனியா.
மீன்சந்தைக் கடற்சிங்கங்கள் எதையும் விடாது.
அதுகளுக்கும் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது?"

நான் நரம்புச் செல்லைத் தேடவில்லை.
அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.
பொரியும், துள்ளும்,
திரையில் முள்முள்ளாய் நிமிரும்,
மாநாட்டில் கைதட்டு வாங்கும்.
எனக்கு வேண்டியது அதன் பக்கத்துவீடு:
நட்சத்திரமாய்க் கைகால் விரித்து,
எவ்வளவு குத்தினாலும் ஒரு வார்த்தை பேசாதது.
பசை என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள் அந்தக் காலத்தில்.
வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது,
கோடு நேராகத்தான் இருக்கும்.

கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தேன்.
முனை ஒரு மைக்ரான்.
செல்லின் தோலைத் தொட்டதும்
வாயால் உறிஞ்ச வேண்டும்,
சுடச்சுட மாத்தே குடிக்கும் பதத்தில்,
அவசரப்பட்டால் எல்லாம் போச்சு.
ஜிகா ஓம்.
ஒட்டிக்கொண்டது.
இன்னும் ஓர் இழுப்பு, தோல் விட்டது,
உள்ளே இருக்கிறேன்.

மைனஸ் அறுபத்தெட்டு மில்லிவோல்ட்.
எண்பதருகே இருந்திருக்க வேண்டும்.

நரம்பு ஒவ்வொரு முறை பொரியும்போதும்
பொட்டாசியத்தைச் சந்தில் துப்பிவிட்டுப் போகும்.
நட்சத்திரத்தின் தோலில்
ஓர் அயனி மட்டும் நுழையும் அகலத்தில்
வாய்க்கால்கள், ஆயிரமாயிரம்.
சத்தமில்லாமல் உள்வாங்கி,
கைமாற்றிக் கைமாற்றி,
ரத்தக்குழாய்க் கரையில் கொண்டுபோய் இறக்கும்.
இறக்காவிட்டால்
சந்தில் உப்பு ஏறும்,
அழைக்காத நரம்பும் பொரியத் தொடங்கும்,
அதன் பக்கத்ததும், அதற்கடுத்ததும்.
அக்கரையில் கட்ட வேண்டிய கயிறு
கையிலிருந்து நழுவும்.

பேரியம் விட்டேன்.
வாய்க்கால் அடைபடும், மின்னோட்டம் சரியும்
என்பது பாடம்.
சரிந்தது, கொஞ்சம்.
மறுபடி விட்டுப் பார்த்தேன்.
அடைக்க அங்கே அதிகம் இல்லை.

குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டிருக்கும்போது
மூன்று பத்துக்கு நிலம் உதறியது.
பெரிதில்லை. நாலு சொச்சம்.
அறுபதில் தரையே இறங்கிப்போய்
ஆறு வயலுக்குள் குடியேறிவிட்ட ஊர் இது,
ஐந்துக்குக் கீழே யாரும் போர்வையை விலக்குவதில்லை.
எந்த அதிர்வையும் விழுங்கும் என்று
இந்த மேசையை விற்றவன்
ஏதோ ஆடாத தேசத்தில் இருக்கிறான்.
திரையில் கோடு கூரைக்குப் பாய்ந்தது.
செல் போயிற்று.

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
அதற்குப் பிறகுதான், வெட்கத்தோடு,
அவர் ஞாபகம் வந்தது.

"உங்களுக்கெல்லாம் நடுங்கினால் நடுக்கம்" என்றிருந்தார்,
"நான் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும்,
இது நானா, நிலமா?
அதனால் முதலில் விளக்கைப் பார்ப்பேன்.
ஆடினால் நிலம்."

வார்டு நர்ஸ் க்ளோரிந்தாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
ஐந்து நிமிடம் கழித்துப் பதில்:
விழித்தார். விளக்கைப் பார்த்தார்.
'நிலம்தான்' என்றார்.
தூங்கிவிட்டார்.

துண்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் உயிர் இருக்கிறது.
என் தலைக்குமேல் விளக்கு
ஆட்டத்தை இன்னும் முழுசாய் நிறுத்தவில்லை.
அது நிற்கட்டும் என்று
புதுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.